சூர்ப்பனகைக்கும் ஒரு மேடை

களமருதூர்ப் பக்கத்தில் பாரதக் கூத்து பார்த்துப் பழகிய கண்ணுக்குப் புஷ்பமாலாவின் புகைப்படங்கள் அந்நியமாக இருக்காது. 1956இல் பெங்களூரில் பிறந்து பரோடாவில் சிற்பம் படித்தவர் அவர். 1990களில் காமிராவுக்கு முன்னால் தானே வேடம் கட்டி நிற்கத் தொடங்கினார். புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை எடுத்த தென்னிந்தியப் பெண்கள் தொடரில், ரவி வர்மாவின் லட்சுமியாகவும் நிலவொளிப் பெண்ணாகவும் அவரே நின்றார். திரைச்சீலை திரைச்சீலையாகவே தெரியும். அட்டை அட்டையாகவே தெரியும். எதையும் அவர் மறைப்பதில்லை.

2012இல் வந்த ‘ஆவேகா’ தொடரில் கைகேயி, சூர்ப்பனகை, சீதை மூவரையும் எடுத்துக்கொண்டார். சீதையைத் தூக்கிப்போகும் காட்சியை நமக்குப் பழக்கியது ரவி வர்மாவின் 1906ஆம் ஆண்டு ஓவியம். அதில் நம் பார்வை போவது வாளுக்கும் ஜடாயுவின் சிறகுக்கும்தான். கம்பனோ, இராவணன் விரல் படாதபடி பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுக்க வைத்தான். இருவருமே பேரழகாகச் செய்தார்கள். அந்த அழகிலேயே சீதையின் பயம் கரைந்துபோயிற்று. ஒரு பெண் தானே சீதையாகி, எழுதிய சீலைக்கு முன்னால் நிற்கும்போது அந்தப் பயத்துக்கு மீண்டும் உடம்பு கிடைக்கிறது.

கூத்திலும் சாயம் தெரியும், கட்டிய முடி தெரியும். இருந்தும் திரௌபதியைத் துகிலுரியும் இரவில், துச்சாதன வேடக்காரர் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் பிழை பொறுக்க வேண்டிய பிறகே சேலையில் கை வைக்கிற ஊர்கள் உண்டு. பொய்யென்று தெரிந்தே நடுங்கத் தெரிந்த சபை அது. ஆனால் திரௌபதியாக வழிவழியாக நின்றவர்கள் ஆண்கள். அந்த இடத்தில்தான் புஷ்பமாலா வேறுபடுகிறார்: வேடமும் அவருடையது, யார் எங்கே நிற்பது என்ற முடிவும் அவருடையது.

மூவரில் எனக்கு முக்கியமானவள் சூர்ப்பனகை. ஆசையைச் சொன்னதற்காக மூக்கும் காதும் இழந்தவள். கம்பனில் முலைக்காம்பும் போகிறது. அவளைக் கண்டு சிரிக்கத்தான் நமக்குச் சொல்லித்தந்தார்கள். திரௌபதிக்காவது படுகளம் இருக்கிறது. மண்ணில் கிடக்கும் துரியோதனனின் குருதி தொட்டு அவள் கூந்தல் முடிவதைப் பார்க்க ஊரே திரளும். சூர்ப்பனகைக்கு அப்படியொரு களம் போட்டு நான் கண்டதில்லை. புஷ்பமாலா அவளுக்கும் மேடை கட்டினார், சீதைக்குக் கட்டிய அதே அக்கறையோடு.