நரிமுகம் வரைந்த தாய்

பெண் கேட்டுப் போகுமுன் நம் வீடுகளில் தாழ்ந்த குரலில் ஒரு வினா எழும். “அந்தக் குடும்பத்தில் யாருக்காவது அப்படி ஏதும்…” என்று தொடங்கும் அவ்வினாவை எவரும் முடிப்பதில்லை. முடிக்காமலே பொருள் விளங்கிவிடுகிறது. ஒரே பீடத்தில் நற்கருணை வாங்குகிறவர்களிடையேயும் இவ்வினா எழத்தான் செய்கிறது. இது வெளியார் கேட்பது. அக்குடும்பத்தில் பிறந்த ஒருவர் நள்ளிரவில் விழித்துக்கொண்டு தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் வினா வேறொன்று உண்டு: அம்மாவுக்கு வந்தது எனக்கும் வருமோ? இந்த இரண்டாம் வினாவை இலக்கியமாக்கியவர் மிகச் சிலர். அவர்களுள் ஜப்பானிய எழுத்தாளர் ரியூனொசுகே அகுதாகவாவை (1892–1927) முதல்வராகக் கருதுகிறேன்.

அவர் பெயர் நமக்கு முற்றிலும் புதியதன்று. அகிரா குரோசவா 1950-இல் எடுத்த ‘ராஷோமோன்’ திரைப்படம் அவருடைய இரு சிறுகதைகளிலிருந்து பிறந்தது. கிறிஸ்தவ வாசகர் அவரைத் தேடிப் படிக்க இன்னொரு காரணமும் உண்டு. நாகசாகியின் பழைய கத்தோலிக்கர்களைப் பற்றி, பழிசுமத்தப்பட்டு ஆலயத்தினின்று விரட்டப்பட்ட லொரென்சோவின் கதை (1918) உட்பட, பல கதைகள் எழுதியவர் அவர். திருமுழுக்குப் பெறாத ஒருவர் நம் மறைசாட்சியரை அத்துணை நெருங்கி நின்று நோக்கியது வியப்புக்குரியது. ஆயினும் இங்கு நான் பேச விரும்புவது அக்கதைகளைப் பற்றியன்று. வாழ்வின் இறுதிப் பத்து மாதங்களுக்குள் அவர் எழுதிய இரண்டு சிறு படைப்புகளைப் பற்றியே: 1926 அக்டோபரில் வெளிவந்த ‘இறந்தோர் பதிவேடு’, அவர் மறைந்தபின் முழுமையாக வெளிவந்த ‘பற்சக்கரங்கள்’.

முதலில் பிறப்பின் கதையைச் சொல்லவேண்டும். தாய் தந்தை இருவருக்கும் ஆகாத வயதில் பிறந்த பிள்ளை என்பதால், ஊர் வழக்கப்படி அவரைச் சடங்காக ‘எறிந்துவிட்டு’, குடும்ப நண்பர் ஒருவர் ‘கண்டெடுத்ததாக’ வளர்த்தார்கள். நம் ஊர்களில் குழந்தையைத் தவிட்டுக்கு விற்று, குப்பையில் கிடத்தி எடுத்து, ‘பிச்சை’ என்றும் ‘குப்பை’ என்றும் பெயரிடுவதை அறிந்த நமக்கு இது விளங்கும். ஆனால் அந்தப் பாசாங்கு மெய்யாயிற்று. பிள்ளை பிறந்து ஏழெட்டு மாதங்களில் தாய் ஃபுகு மனநோய்க்கு ஆளானார். குழந்தை தாய்மாமன் வீட்டுக்குப் போயிற்று. அகுதாகவா என்பது அந்த மாமன் வீட்டுப் பெயர்தான். திருமணமாகாத பெரியம்மா ஒருவர் அவரை வளர்த்தார். தாய் பத்தாண்டுகள் அந்நிலையிலேயே வாழ்ந்து 1902-இல் இறந்தார்.

‘இறந்தோர் பதிவேடு’ என்பது புத்த ஆலயங்களில் இறந்தவர் பெயர்களை எழுதிவைக்கும் ஏடு. நம் பங்குகளிலும் திருமுழுக்குப் பதிவேட்டுக்கு அருகில் அப்படியொன்று இருக்கும். தாய், தான் பிறக்குமுன்பே இறந்துபோன அக்காள், தந்தை என மூவரை மட்டும் அதில் பதிகிறார் அகுதாகவா. தாய் மனநோயாளி என்பதைத் தயக்கமின்றி முதலிலேயே கூறிவிடுகிறார். தாயிடம் தாய்க்குரிய பாசத்தைத் தாம் உணர்ந்ததேயில்லை என்றும் சொல்லிவிடுகிறார். இப்படித் தொடங்கும் எழுத்து வெறுப்பில் முடியும் என்றே எதிர்பார்ப்போம். அப்படி நிகழவில்லை. தலைமுடியைச் சீப்பில் சுற்றிக்கொண்டு, தனியே அமர்ந்து, நீண்ட குழாயில் புகைபிடிக்கும் ஒரு சிறிய பெண்ணுருவம் மெல்ல மெல்லத் தெளிகிறது. சிறு முகம், சிறு உடல், சாம்பல் பூத்த நிறம். பிள்ளைகள் படம் வரைந்து தரச்சொல்லி நச்சரிப்பார்கள். தாய் மறுப்பதில்லை, தாளை நான்காக மடித்து வரைந்து கொடுப்பார். வரையும் மனிதர் அனைவருக்கும் முகம் மட்டும் நரிமுகமாக இருக்கும்.

அந்த நரிமுகங்களை அகுதாகவா விளக்குவதில்லை. அவற்றை அடையாளமாகவோ குறியீடாகவோ ஆக்குவதில்லை. பிள்ளைகள் கேட்டார்கள், தாய் வரைந்தார், அவ்வளவே. நோயுற்ற அந்தப் பெண் தன்னிடம் எஞ்சியதைக் கொண்டு தாய்மைக்குரிய ஒரு செயலைச் செய்தார் என்பது வாசகனுக்குத்தான் உறைக்கிறது. எழுதியவருக்கு அது உறைத்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. என் கணிப்பில் அவர் எழுதியவற்றுள் மிகச் சிறந்த பக்கங்கள் இவையே. உலகம் கொண்டாடும் ‘பற்சக்கரங்கள்’ இவற்றுக்கு ஒருபடி கீழேதான்.

‘பற்சக்கரங்கள்’ கதையின் நாயகர் திருமண விருந்தொன்றுக்காகத் தோக்கியோ வருகிறார். வழியில் மழைக்கோட்டு அணிந்த ஆவியைப் பற்றிய பேச்சு காதில் விழுகிறது. பிறகு மழைக்கோட்டு அணிந்த மனிதர்களையே எங்கும் காண்கிறார். அக்காள் கணவர் தண்டவாளத்தில் இறந்துகிடந்ததாகச் செய்தி வருகிறது. அவரும் மழைக்கோட்டுதான் அணிந்திருந்தாராம். (அகுதாகவாவின் அக்காள் கணவர் அவ்வாறே 1927 சனவரியில் இறந்தார்.) விடுதியின் நடைக்கூடத்தில் எவரோ ‘ஆல் ரைட்’ என்று சொன்ன ஆங்கிலச் சொல் அவரைத் துரத்துகிறது: எது சரியாக இருக்கிறது? மஞ்சள் நிற வாடகைக் கார் தீநிமித்தம், பச்சை நிறக் கார் நன்னிமித்தம். தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலைத் திறந்தால், பைண்டு செய்தவர் தவறால் ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலின் பக்கம் நுழைந்திருக்கிறது. அதிலும் சாத்தானால் இவான் அலைக்கழிக்கப்படும் பகுதியே கண்ணில் படுகிறது. மனநல மருத்துவமனையைத் தேடி நடந்தவர் வழிதவறி, பத்தாண்டுகளுக்குமுன் தம் ஆசான் நட்சுமே சொசெகியின் இறுதிச்சடங்கு நடந்த மண்டபத்தின் எதிரில் வந்து நிற்கிறார்.

இவற்றையெல்லாம் பித்தின் ஆவணம் என்று திறனாய்வாளர் பலர் மதிப்பிட்டனர். எனக்கு உடன்பாடில்லை. வாக்கியங்களைப் பாருங்கள்: ஒன்றுகூடத் தடம்புரளவில்லை. நிகழ்ச்சிகள் வரிசை பிறழாமல் அடுக்கப்பட்டுள்ளன; முதற்பகுதியில் விதைத்த மழைக்கோட்டு தக்க இடத்தில் முளைக்கிறது. இது அஞ்சியவர் ஒருவரின் எழுத்து. தமக்கு வரப்போவது எது என்று முன்கூட்டியே முடிவுசெய்துகொண்டு, காண்பதையெல்லாம் அதற்குச் சான்றாகச் சேர்த்துக்கொண்டே போகிறவரின் எழுத்து.

கதைக்குத் தலைப்பான அந்தப் பற்சக்கரங்களே இதற்குச் சாட்சி. நாயகரின் பார்வையில் ஒளி ஊடுருவும் சக்கரங்கள் தோன்றிச் சுழல்கின்றன. எண்ணிக்கையில் பெருகிப் பார்வையைப் பாதி மறைக்கின்றன. சற்று நேரத்தில் மறைகின்றன. உடனே தலைவலி தொடங்குகிறது. கண் மருத்துவர் புகைப்பதைக் குறைக்கச் சொன்னார். ஆனால் புகைக்கப் பழகுமுன்பே, இருபது வயதுக்கும் முன்பே, அவை தோன்றியதுண்டு என்கிறார் நாயகர். இந்த வருணனையை இன்றைய நரம்பியல் மருத்துவர் எவரிடம் காட்டினாலும், ஒற்றைத் தலைவலிக்கு முன்னே வரும் பார்வைக் கோளாறு என்றே பெரும்பாலும் சொல்வார். அச்சக்கரங்களுக்கும் பித்துக்கும் தொடர்பில்லை. தலைவலியின் கட்டியங்காரனை மரபு நோயின் தூதனாக எண்ணி ஒரு மேதை நடுங்கியிருக்கிறார். வருணனையின் துல்லியமே அவரது அறிவு கலங்கவில்லை என்பதைக் காட்டுகிறது. அதே துல்லியம் அவர் எவ்வளவு துன்புற்றார் என்பதையும் காட்டுகிறது.

மரபைப் பற்றி இன்று அறியப்பட்டதையும் சொல்லிவிடலாம். மனச்சிதைவு நோய் பொதுவாக நூற்றில் ஒருவருக்கு வருகிறது. பெற்றோருள் ஒருவருக்கு அது இருப்பின் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து. அதாவது, தொண்ணூறு பேர் தப்பிவிடுகிறார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருள் ஒருவருக்கு வந்தாலும் மற்றவருக்கு வராமற் போவதே பாதிக்கு மேல். ஃபுகுவுக்கு வந்தது இந்நோய்தானா என்பதும் ஐயமே: மூத்த மகளைப் பறிகொடுத்தவர், அடுத்த பிள்ளையைப் பெற்ற சில மாதங்களில் நோயுற்றவர். இக்கணக்கு அன்று அகுதாகவாவுக்குக் கிட்டவில்லை. கிட்டியிருந்தாலும் ஆறியிருப்பாரா? அச்சம் அந்தப் பத்தைத்தான் எண்ணும், தொண்ணூறை எண்ணாது.

இதை அனுபவத்தால் சொல்கிறேன். என் தந்தையின் தங்கை இருபத்தாறாம் வயதில் நோயுற்றார். எனக்கு இருபத்தாறு நடந்த ஆண்டு முழுவதும், மறந்த சாவியையும் கலைந்த தூக்கத்தையும் நான் கணக்கு வைத்திருந்தேன். அதைவிட நாணத்துக்குரியது வேறொன்று. என் அக்காளைப் பெண் பார்க்க வந்த நாளன்று அத்தையை உறவினர் வீட்டில் விட்டுவிட்டு வந்தது நான்தான். ஏன், எதற்கு என்று அத்தை கேட்கவில்லை. பல ஆண்டுகளுக்குப்பின் அவர் அடக்கத்துக்கு வந்த முதியவள் ஒருத்தி, அந்தத் தெருவில் பாதிப்பேருக்குக் கடிதம் எழுதிக்கொடுத்தது அவர்தான் என்றாள். அதுவரை எங்கள் வீட்டில் எவரும் எனக்கு அதைச் சொன்னதில்லை.

அதனால்தானோ என்னவோ, ‘பற்சக்கரங்கள்’ கதையில் என்னை மிகவும் வருத்துவது சக்கரங்கள் சுழலும் இடமன்று. விவிலியக் கழகமொன்றின் மாடியறையில் வாழும் முதியவரை நாயகர் காணச்செல்லும் இடம். ஏவல் வேலை பார்த்துக்கொண்டு, செபத்திலும் வாசிப்பிலும் நாளைக் கழிக்கும் எளிய கிறிஸ்தவர் அவர். அகுதாகவாவின் தந்தையுடைய பால்பண்ணையில் ஒருகாலத்தில் வேலைபார்த்த முரோகா ஃபுமிதாகே என்பவரே அதற்கு முன்மாதிரி. தன் தாய்க்கு ஏன் பித்துப் பிடித்தது, தந்தையின் தொழில் ஏன் நொடித்தது, தான் ஏன் தண்டிக்கப்பட்டான் என்னும் மறைபொருள்களெல்லாம் இம்முதியவருக்குத் தெரியும் என்று நாயகர் எண்ணுகிறார். ‘தண்டனை’ என்ற அச்சொல்லைக் கவனிக்கவேண்டும். பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தது இவனா இவன் பெற்றோரா என்று ஆண்டவரிடம் கேட்டார்களே, அந்தப் பழைய வினாதான் தோக்கியோவின் மாடியறையிலும் நிற்கிறது. இயேசு அன்று இரண்டையும் மறுத்தார். முதியவரோ வேறு வழியில் பேசுகிறார். நிழல் இருந்தால் ஒளியும் இருக்கவேண்டும் என்று வாதிடுகிறார். ஒளியில்லாத இருளும் உண்டென்கிறார் நாயகர். முதியவரிடம் அதற்கு விடையில்லை.

கிறிஸ்தவ வாசகர் இங்கே முதியவர் பக்கம் சாய்வது இயல்பு. நானும் முதலில் சாய்ந்தேன். இப்போது வேறுவிதமாகத் தோன்றுகிறது. நோய்க்கு முந்தைய அந்தத் தாயின் குடும்பத்தை அறிந்தவர் எதிரில் அமர்ந்திருக்கிறார். உன் தாய் எப்படிச் சிரிப்பாள், எதை விரும்பி உண்பாள் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம், கேட்கவும் செய்திருக்கலாம். இருவரும் ஒளியையும் இருளையும் பற்றித் தருக்கம் செய்துவிட்டுப் பிரிகிறார்கள். ‘இறந்தோர் பதிவேடு’ மீட்டுத்தந்த பெண் ‘பற்சக்கரங்கள்’ கதையில் மீண்டும் தொலைந்துபோகிறார், வெறும் முன்னறிவிப்பாகிவிடுகிறார். குடும்ப நோயைப் பற்றிய அச்சம் செய்யும் முதற்கொடுமை இதுவே: வருங்காலத்தைப் பறிக்குமுன் அது தாயைப் பறித்துக்கொள்கிறது.

1927-இல் நெருங்கிய நண்பர் கோஜி உனோவுக்கு மனநோய் கண்டபோது அகுதாகவா மிகவும் அதிர்ந்தார். அடுத்த முறை தமக்கே என்று எண்ணியிருக்கவேண்டும். அவ்வாண்டு சூலை 24-ஆம் நாள், முப்பத்தைந்தாம் வயதில், தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். படுக்கையருகே விவிலியம் இருந்தது. இயேசுவைப் பற்றிய கட்டுரையின் இறுதிப் பகுதியை அப்போதுதான் எழுதி முடித்திருந்தார். அந்த விவிலியத்தைக் காட்டி அவரை நம்மவராக்க முனைவதும், அந்தச் சாவைக் காட்டி அவரைத் தள்ளுவதும் எனக்கு உடன்பாடன்று. கொடிய மனவேதனையும் அச்சமும் அத்தகைய செயலின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், அவர்களின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்றும் 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி ஏடு போதிக்கிறது.

உனோ குணமடைந்தார். 1933-இல் மீண்டும் எழுதத் தொடங்கி, 1961 வரை வாழ்ந்தார். அகுதாகவாவைப் பற்றியே ஒரு பெருநூல் எழுதினார். தந்தையின் அச்சம் சூழ்ந்த வீட்டில் பிறந்த மூன்று மகன்களுள் ஒருவர் போரில் இறந்தார், ஒருவர் இசையமைப்பாளரானார். மூத்தவர் ஹிரோஷி மேடை நடிகராகிப் புகழ்பெற்றார். அவர் 1955-இல் ஏற்ற வேடம் ஹாம்லெட்.

‘இறந்தோர் பதிவேடு’ நூலில் நான் மீண்டும் மீண்டும் திரும்பிச்செல்லும் இடம் ஒன்றுண்டு. தாய் சாகக்கிடக்கிறார் என்று செய்தி வந்து, நள்ளிரவில் ரிக்‌ஷாவில் சிறுவனை அழைத்துப்போகிறார்கள். இறப்பதற்குமுன் தாய்க்குத் தெளிவு திரும்பியதுபோல் இருந்ததாம். பிள்ளைகளின் முகங்களைப் பார்த்துப் பார்த்து அவர் கண்ணீர் வடித்துக்கொண்டேயிருந்தார். எப்போதும்போல ஒன்றும் பேசவில்லை.