தொண்டைக்கு முட்டுக்கொடுக்கும் காற்று

தூக்கத்தில் மூச்சு அடைபடாமல் இருக்க அப்பா பயன்படுத்தும் சீபாப் இயந்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, அதன் முகமூடியில் இருக்கும் பொடித் துளைகள். உள்ளே வரும் காற்று தொண்டை தளர்ந்து அடைத்துக்கொள்ளாமல் முட்டுக்கொடுத்து நிற்கும். விட்ட மூச்சு அந்தத் துளைகள் வழியே வெளியேறிவிடும். மருந்து இல்லை, கத்தி இல்லை, வெறும் காற்று! 1980இல் சிட்னியில் கொலின் சலிவன் இதை முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். அதுவரை, தூக்கத்தில் மூச்சு அடைபடுவது முற்றிப்போனவர்களுக்குக் கழுத்தில் துளையிடுவதே வழியாக இருந்தது.

எங்கள் ஊரான லிந்துலையின் குளிர் இந்த இயந்திரத்துக்கு ஒரு தனிப் பாடம் வைத்திருக்கிறது. இயந்திரத்தின் தண்ணீர்த் தொட்டியிலிருந்து இளஞ்சூடாய், ஈரமாய்க் கிளம்பும் காற்று, காம்பராவின் குளிர் பட்ட குழாயில் நீராகி நடுச்சாமத்தில் மூக்கில் சொட்டும். அப்பா இப்போது குழாயைத் தன்னோடு சேர்த்துக் கம்பளிக்குள் போர்த்திக்கொள்கிறார். இயந்திரத்தைக் கட்டிலைவிடத் தாழ்ந்த முக்காலிக்கு மாற்றினோம். குழாயில் சேரும் நீர் முகத்துக்கு வராமல் கீழே இறங்கிவிடுகிறது.

பழகியது மெதுவாகத்தான். மாலையில் டீவி பார்க்கும்போதே முகமூடியைப் போட்டுக்கொண்டு உட்காருவார். குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல ஏறும் வசதி அவர் பயத்தைப் போக்கியது. பட்டியை இறுக்க இறுக்கக் கசிவு நிற்கும் என்பது சரியல்ல. சிலிக்கோன் விளிம்பு காற்றில் லேசாக உப்பினால்தான் முகத்தில் படியும். எவ்வளவு நுட்பமான யோசனை!

முகமூடியைக் காலையில் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவைப்பது என் வேலை. தொட்டிக்குக் காய்ச்சி வடித்த நீர்தான். பீலித் தண்ணீர் எவ்வளவு தெளிந்திருந்தாலும் ஊற்றமாட்டேன்.