வூல்ஃபின் நாட்குறிப்பும் தன்வரலாறும்

லெனாட் வூல்ஃப் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்து எழுதிய நாட்குறிப்பு மேலதிகாரியின் பார்வைக்குரியது. உப்பளம், மாட்டுக்கொள்ளைநோய், சேனைப் பயிர் எனக் கடமைகளே அதனை நிறைப்பன. 1961இல் வெளிவந்த 'குரோயிங்' என்னும் தன்வரலாறோ ஏகாதிபத்தியத்தை ஐயுற்ற இளைஞரைக் காட்டுகின்றது. அவ்வையம் முதுமையின் கற்பனையோ? அன்று, 1913இல் வந்த அவருடைய நாவலிலேயே, நன்மனமுடைய வெள்ளைய நீதவான் உண்மை விளங்காது குற்றமற்ற பாபுனைத் தண்டிக்கின்றான்.

எனினும் யாழ்ப்பாண வாசகர் நின்று நோக்க வேண்டிய இடம் வேறு. குதிரைமேற் சென்றவர் வழக்கறிஞர் ஒருவரின் முகத்திற் சவுக்கால் அடித்தார் என்பது முறைப்பாடு. வீதியை மறித்த விறாந்தையைச் சுட்டியதன்றி அடிக்கவில்லை என்பது அவர் விடை. ஆயினும் தம் குதிரைச் செருக்கே அம்மக்களுக்கு அவமதிப்பாயிருந்தது என அவர் பின்னர் ஒப்புகின்றார். நாட்குறிப்பின் உப்புக் கணக்கிற் காணாத உத்தியோக வாழ்வு இவ்வொப்புதலிற் புலனாகின்றது.