உருவப்படமும் மாநிறமும்
(அக்ரிலிக் ஓவியம் பற்றி ஒரு திறனாய்வு)

உருவப்படம் எழுதுவது தமிழருக்குப் புதிதல்ல. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில், மதயானையிடமிருந்து தான் மீட்ட குணமாலையின் உருவைச் சீவகன் எழுதிப் பார்த்து மகிழ்கிறான். அதைக் கண்ட காந்தருவதத்தை ஊடல் கொள்கிறாள். மனைவிக்குக் கோபம் வரும் அளவுக்கு அந்தப் படத்தில் உயிர் இருந்திருக்கிறது! உருவப்படத்துக்கு இதைவிட நல்ல உரைகல் ஏது?

இன்று நம்மவர் பலர் மறைந்த பெரியோரின் போட்டோவைக் கொடுத்து அக்ரிலிக்கில் படம் எழுதி வாங்குகிறார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் பல படங்களில் ஒரு பெருங்குறை. வெயிலில் அலைந்து வியாபாரம் பார்த்த தாத்தா, ரோஜா நிறத்தில் புதுமாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறார். பேரப்பிள்ளை "இது யாரு?" என்று கேட்கிறது.

குறை பாதி பொருளில், பாதி மனதில்.

முதலில் பொருளைப் பார்ப்போம். அக்ரிலிக் என்பது வண்ணப்பொடியைச் செயற்கைப் பிசின் பால்மத்தில் குழைத்தது. தண்ணீரில் கரையும் வகை 1955-இல் அமெரிக்காவில் லிக்விடெக்ஸ் என்ற பெயரில் வந்தது. எண்ணெய் வண்ணம் காய நாள்கணக்கு ஆகும். இது சில நிமிடத்தில் காய்ந்துவிடும். ஈரத்தில் பால்மம் வெண்மையாகத் தெரியும். காய்ந்ததும் அந்த வெண்மை போய் நிறம் ஒரு படி கறுக்கும். இதற்குப் பயந்து ஓவியர் வெள்ளையை அள்ளிச் சேர்க்கிறார். கன்னம் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடுகிறது. சிலர் அதற்கும் சோம்பி, 'ஃப்ளெஷ் டிண்ட்' டியூபை அப்படியே பிதுக்கிப் பூசுகிறார்கள். அது நம் தோலின் நிறமே அல்ல.

சரியான முறை வேறு. கான்வாஸில் முதலில் இளம் பழுப்பு பூச வேண்டும். பர்ன்ட் அம்பரால் வெளிச்சமும் நிழலும் பிரித்துக்கொள்ள வேண்டும். மாநிறத்துக்கு பர்ன்ட் சியன்னா, மஞ்சள் ஓக்கர், கொஞ்சம் அல்ட்ராமெரீன் நீலம் போதும். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். அம்பரும் நீலமும் சேர்ந்தாலே ஆழம் வரும். மெல்லிய பூச்சுகளாக, ஒன்று காய்ந்தபின் ஒன்று. கலந்த நிறத்தைத் துண்டுக் காகிதத்தில் காயவைத்துப் பார்த்த பிறகே முகத்தில் கைவைக்க வேண்டும். தூரிகை நைலான் முடியாக இருக்கட்டும். உடனே கழுவாவிட்டால் குச்சிதான் மிஞ்சும். நம் கொச்சியில் மழைக்காலத்தில் வண்ணம் மெதுவாகக் காயும். பங்குனி வெயிலில், ஃபேன் காற்றில் தட்டிலேயே இறுகிவிடும். அப்போது ரிடார்டர் சில சொட்டு உதவும்.

இனி மனம். தேவராவில் இருப்பவர்கள் காயலைத் தாண்டி மட்டாஞ்சேரி அரண்மனைக்கு ஒரு நடை போய்வாருங்கள். அங்குள்ள ராமாயணச் சுவரோவியங்கள் கேரள மரபைச் சேர்ந்தவை. அந்த மரபில் பச்சை சாத்வீக குணத்துக்கு உரியது. அங்கே நிறம் குணத்தின் அடையாளம். நேரில் இப்படித்தான் இருந்தாரா என்று யாரும் கேட்பதில்லை. அதே அரண்மனையில் 1864 முதல் ஆண்ட கொச்சி அரசர்களின் உருவப்படங்களும் உள்ளன. அவை ஒவ்வொன்றும் ஒரு தனி மனிதரின் முகம். நமது ஓவியர்கள் இவ்விரண்டையும் குழப்புகிறார்கள். வெள்ளை நிறமே நற்குணம் என்று எண்ணி, மரியாதை செய்வதாக நினைத்துத் தாத்தாவை வெளுக்கிறார்கள். கேட்டு வாங்குகிற நாமும் "கொஞ்சம் கலரா போடுங்க" என்கிறோமே!

வெளியூரில் வளரும் பிள்ளைகளுக்கு முன்னோர் முகம் சுவரில்தான் கிடைக்கிறது. அதையும் மாற்றிவிட்டால் அவர்கள் எதைப் பார்த்துத் தம் முகத்தை அறிவார்கள்? அடுத்த முறை படம் எழுதக் கொடுக்கும்போது, "இருந்த நிறத்திலேயே எழுதுங்க" என்று சொல்லிக் கொடுங்கள். அதற்குக் கூடுதல் கூலி கேட்டாலும் கொடுக்கலாம்.