ஓட்டுகிறவனின் மொழி

மோட்டார் பந்தயத்தைப் பற்றித் தமிழில் எழுதப்படுவதெல்லாம் இரண்டு விஷயங்களில் அடங்கிவிடுகிறது: வேகம், வெற்றி. இரண்டும் வேடிக்கை பார்க்கிறவனுடைய அனுபவங்கள். வேகம் வெளியே நிற்பவனுக்குத்தான் வேகம். உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு அது அடுத்தடுத்து எடுக்கவேண்டிய சின்னச் சின்னத் தீர்மானங்கள். வெற்றியோ, எல்லாம் முடிந்தபின் பிறர் வந்து கட்டிவிடுகிற பட்டம். இவற்றுக்கு முந்திய நாட்கள், வண்டியும் மனிதனும் ஒன்றையொன்று பழக்கிக்கொள்கிற நாட்கள், நம் எழுத்துக்குள் வருவதில்லை. இது விளையாட்டுப் பக்கத்தின் குறை என்று ஒதுக்கிவிடலாம். நம் இலக்கியப் பிரக்ஞையின் குறையும் இதுவே என்பது என் எண்ணம்.

2005 மார்ச் 6 அன்று மெல்பர்னில் நடந்த பருவத்தின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கோயம்புத்தூர்க்காரரான நாராயண் கார்த்திகேயன் ஜோர்டன் அணிக்காக ஓட்டி 15ஆவதாக வந்தார். அன்றிலிருந்து அவர் பெயருக்கு முன்னால் ‘முதல் இந்தியர்’ என்ற சொற்றொடர் ஒட்டிக்கொண்டது. அதே வருஷம் ஜூன் 19இல் இண்டியானாபோலிஸில் நான்காவதாக வந்தார். மிஷெலின் டயர் போட்ட 14 கார்களும் பந்தயம் தொடங்குமுன் விலகிக்கொள்ள, ஓடியவை ஆறு கார்கள்தான். இதைச் சாதனை என்று கொண்டாடியவர்களும் உண்டு, வேடிக்கை என்று சிரித்தவர்களும் உண்டு. சரிந்த வளைவு ஒன்றில் அந்த டயர்கள் தாங்கவில்லை என்பதுதான் அன்றைய சம்பவத்தின் சாரம். டயரைப் பற்றி எழுத நம்மிடம் வாக்கியம் இல்லை. ‘முதல் இந்தியர்’ இருந்தார், ஓட்டுகிறவர் இல்லை.

2010இல் அவர் அமெரிக்காவுக்குப் போய் ஸ்டாக் கார் பந்தயத்தில் சேர்ந்தார். ஸ்டாக் என்றால் கடையில் இருப்பில் உள்ளது என்று பொருள். கடையில் வாங்கிய சாதாரண கார். வட கரோலினா போன்ற மலைப் பிரதேசங்களில் கள்ளச்சாராயம் கடத்தியவர்கள், பார்வைக்குக் குடும்பஸ்தன் கார் மாதிரி இருக்கவேண்டும், ஓட ஆரம்பித்தால் போலீஸ் பிடிக்கக்கூடாது என்று வண்டியின் உள்ளுறுப்புகளைத் திருத்திக்கொண்டார்கள். இந்தப் பந்தயத்தின் ஊற்றுக்கண்களில் அது ஒன்று. 1948இல் நாஸ்கார் என்ற அமைப்பு வந்து எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தியது. இன்றைய ஸ்டாக் காரில் கடைச்சரக்கு என்று சொல்ல எதுவும் இல்லை. உருவம் மட்டும் மிச்சம். 1965இல் டாம் உல்ஃப் எஸ்க்வயர் பத்திரிகையில் ஜூனியர் ஜான்சன் என்ற ஓட்டுநரைப் பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். துடிப்பான உரைநடை. ஆனால் தலைப்பிலேயே அவரைக் கடைசி அமெரிக்க வீரனாக்கிவிடுகிறார். 1960இல் டேடோனாவில் ஜான்சன் ஜெயித்தது, தன் கார் மற்றவற்றைவிட மெதுவானது என்று கண்டு, வேகமான கார்களின் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் காற்றின் எதிர்ப்பு குறைகிறது என்பதைப் பயிற்சி ஓட்டத்தில் கவனித்ததால். வீரத்தைவிட அந்தக் கவனிப்புதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நாராயண் முதலில் ஓட்டியது வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்வில் என்ற இடத்தில், 2010 மார்ச் 27இல், பிக்-அப் வண்டியின் உருவம் கொண்ட டிரக்குகளுக்கான பிரிவில். பருவம் பிப்ரவரியிலேயே டேடோனாவில் தொடங்கியிருந்தது. அரை மைலுக்குச் சற்றே அதிகமான சுற்று. பேப்பர் கிளிப்பைப் போன்ற வடிவம். நேர்ப்பாதை தார், வளைவுகள் கான்கிரீட். 250 சுற்றுகளுக்கான பந்தயம். அவர் 13ஆவதாக வந்தார்.

இந்தப் பந்தயத்தில் வண்டி எப்போதும் இடப்பக்கம்தான் திரும்புகிறது. அதனால் வண்டியை வேண்டுமென்றே கோணலாகச் செய்கிறார்கள். பின்பக்கத்து வலது டயரின் சுற்றளவு இடது டயரைவிடச் சற்றுக் கூடுதல். சும்மா உருட்டிவிட்டாலே இடப்பக்கம் வளைந்து போகும். எடையை நாலு சக்கரங்களுக்கும் சமமாகப் பகிர்வதில்லை. பின்கண்ணாடி வழியாக ஒரு நீண்ட ஸ்பானரை விட்டு ஒரு திருகைத் திருகினால் ஸ்பிரிங்கின் அழுத்தம் மாறி, மூலைக்கு மூலையான இரண்டு சக்கரங்களில் பாரம் கூடும், அல்லது குறையும். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் வெட்ஜ். தமிழில் ஆப்பு, கட்டை. ஒரு காலத்தில் ஸ்பிரிங்குக்கு அடியில் நிஜமாகவே கட்டை செருகினார்கள் என்பார்கள். திருகு அரைச் சுற்று கூடினால், வளைவில் வண்டியின் மூக்கு திரும்ப மறுத்து வெளிச்சுவரை நோக்கிப் போகும். அரைச் சுற்று குறைந்தால் வால் வெளியே வீசும். முன்னதை டைட் என்றும் பின்னதை லூஸ் என்றும் சொல்கிறார்கள்.

திருகுகிறவர் ஓட்டுவதில்லை, ஓட்டுகிறவர் திருகுவதில்லை. இருவருக்கும் நடுவே இருப்பது பேச்சு மட்டுமே. பயிற்சி ஓட்டத்தில் வளைவில் நுழையும்போது, நடுவில், வெளியேறும்போது என்று மூன்றாகப் பிரித்து, எங்கே என்ன உணர்ந்தான் என்று ஓட்டுகிறவன் சொல்லியாக வேண்டும். முதுகும் இடுப்பும் அறிந்ததைச் சொல்லாக்க வேண்டும். மிகைப்படுத்தினால் திருகு அதிகம் போகும், தயங்கினால் குறையும். பார்முலா காரிலேயே வளர்ந்த ஒருவர், கனமான ஒரு வண்டியை வேறொரு மொழியில் உணர்ந்து சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. பந்தயத்துக்கு முன்னேற்பாடு என்பது இதுதான். நல்ல விமர்சகன் ஒரு கவிதை முன் செய்யவேண்டியதும் ஏறக்குறைய இதே காரியம்: எந்த வரியில் பிடி நழுவியது என்பதைத் துல்லியமாகச் சொல்வது. ‘அருமை’, ‘சுமார்’ என்று சொல்கிற ஓட்டுநரை வைத்துக்கொண்டு எந்த மெக்கானிக்கும் ஒன்றும் செய்ய முடியாது.

இந்தக் கட்டை விவகாரம் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரனுக்குப் புதிதல்ல. ஆடிப்பூரத் தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. வடம் பிடிக்கிறவர்கள் இழுக்கத்தான் முடியும், திருப்ப முடியாது. திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்துக்கு அருகே குனிந்து நடக்கிற சிலர். ஓடிக்கொண்டிருக்கும் சக்கரத்துக்கு முன்னால், வேண்டிய கோணத்தில், வேண்டிய கணத்தில் கட்டையைச் செருகுகிறார்கள். சக்கரம் அதன்மேல் ஏறிச் சறுக்கித் திசை மாறுகிறது. அல்லது முட்டி நிற்கிறது. சறுக்குக்கட்டை, முட்டுக்கட்டை, பின்னாலிருந்து நெம்ப தடி என்று எல்லாவற்றுக்கும் அவர்களிடம் பெயர் இருக்கிறது. அமெரிக்கப் பந்தயத்தில் ஓட்டுநருக்குத் தெரியாத பக்கத்தைக் கூரைமேல் நின்று ரேடியோவில் சொல்ல ஒருவர் உண்டு. இங்கே தேருக்கு முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டே துண்டை வீசிச் சைகை காட்டுகிறவர். அங்கே எப்போதும் இடப்பக்கம், இங்கே பிரதட்சிணமாக எப்போதும் வலப்பக்கம். இரண்டும் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கின்றன.

ஒற்றுமையை நீட்டிக்கொண்டு போவது என் நோக்கமல்ல. நான் கவனிப்பது ஒரு சொல்லின் கதியை. தேரைத் திசைதிருப்பிக் காக்கிற கருவி முட்டுக்கட்டை. பொதுத் தமிழில், குறிப்பாகப் பத்திரிகைத் தமிழில், அதற்கு அர்த்தம் என்ன? நல்ல காரியத்துக்குக் குறுக்கே விழுவது. திட்டத்துக்கு முட்டுக்கட்டை, வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை. மூலையில் அந்தக் கட்டை இல்லையென்றால் தேர் வீட்டுச் சுவருக்குள் போய்விடும் என்பதை அறிந்தவன் இந்த அர்த்தத்தை உண்டாக்கியிருக்க மாட்டான். வடத்தின் நுனியில் நின்று, தேர் ஏன் நகரவில்லை என்று பொறுமையிழந்தவன் உண்டாக்கிய அர்த்தம் இது. ஒரு மொழி தன் தொழில்நுட்பச் சொல்லை வசைச்சொல்லாக்கிக்கொள்ளும்போது, அது யார் பக்கம் நின்று பேசுகிறது என்பது தெரிந்துவிடுகிறது.

மரபு முழுக்க இப்படி இருந்ததில்லை. அகநானூற்றின் நான்காம் பாட்டில் தலைவன் திரும்பி வருகிற தேரின் மணிகள், வண்டுகள் கலையாமலிருக்க, நாவு கட்டப்பட்டிருக்கின்றன. தேரின் ஓர் உறுப்பில் செய்த சின்னத் திருத்தம் முழுக் கவிதையையும் சுமக்கிறது. அதைவிடப் பெரிய உதாரணம் இந்த ஊரிலேயே பிறந்தது. திருப்பாவையைப் பக்தியாகப் படிக்கிறவர்களும், அதனாலேயே படிக்காமல் விடுகிறவர்களும் அதன் அமைப்பைக் கவனிப்பதில்லை. முப்பது பாட்டு. முதல் ஐந்தில் அழைப்பும் நியமமும். ஆறிலிருந்து பதினைந்து வரை, பத்துப் பாட்டுகள், தூங்குகிறவர்களை எழுப்புவதிலேயே போகின்றன. அப்புறம் வாசல், காவல், இன்னும் எழுப்பவேண்டியவர்கள். 26ஆம் பாட்டு நேரடியாகவே சாமான் ஜாபிதா: சங்கு, பறை, விளக்கு, கொடி, விதானம். எதற்காக வந்தோம் என்பது முழுசாகத் திறப்பது 29இல்தான். முன்னேற்பாட்டையே கவிதையாக்கிய படைப்பு இது. நோன்பின் பலனைப் பாடியிருந்தால் இத்தனை நூற்றாண்டு நின்றிருக்குமா என்பது சந்தேகம்.

நம் புதுக்கவிதை யந்திரத்தை எப்படி எதிர்கொண்டது? 1909இல் மாரினெட்டி பந்தயக் காரைக் கிரேக்கச் சிலைக்கு மேலாகத் தூக்கி வைத்தார். நாம் அதைத் தலைகீழாக்கிக்கொண்டோம்: யந்திரம் என்றால் ராக்ஷசன், நகரம் என்றால் நரகம், பஸ் என்றால் அந்நியமாதல். விக்கிரகமாக்கினாலும் ராக்ஷசனாக்கினாலும் இரண்டும் தூரத்துப் பார்வையே. பானெட்டைத் திறந்து பார்த்தவன் எழுதியது எதுவும் இல்லை. 1936இலிருந்து பஞ்சாலை ஓடுகிற ராஜபாளையத்தில், ஸ்பிண்டிலின் சத்தம் மாறியதை நாலு வரிசை தள்ளி நின்று காதாலேயே கண்டுபிடிக்கிற ஃபிட்டர்கள் இருக்கிறார்கள். கவிதையில் அவர்கள் சுரண்டப்படுகிறார்கள், இருமுகிறார்கள், சங்கம் சேர்கிறார்கள். எல்லாம் உண்மை. அந்தக் காது மட்டும் கவிதைக்குள் வரவில்லை.

விளைவு, மதிப்பீடுகளில் அநியாயமாக வெளிப்படுகிறது. 2011இல் நாராயண் ஹிஸ்பானியா என்ற ஏழை அணியில் சேர்ந்து மறுபடியும் மெல்பர்னில் பருவத்தின் முதல் பந்தயத்துக்கு வந்தார். புதுக் கார் அதற்கு முன் ஓடியதே இல்லை. வெள்ளிக்கிழமைப் பயிற்சி நேரம் ஏறக்குறைய முழுவதும் கொட்டகைக்குள் வண்டியைப் பூட்டுவதிலேயே போயிற்று. முதல் தகுதிச் சுற்றில் மிக வேகமானவரின் நேரத்தில் 107 சதவீதத்துக்குள் வரவேண்டும் என்ற விதி அந்த வருஷம்தான் திரும்ப வந்திருந்தது. அணியின் இரண்டு கார்களுமே தேறவில்லை. 2012இல் அதே ஊர், அதே அணி, அதே முடிவு. ‘தகுதி பெறவில்லை’ என்று ஒரு வரியில் செய்தி முடிந்தது. பழக்கப்படாத வண்டியில், எங்கே பிரேக் பிடிக்கும், எங்கே வழுக்கும் என்று அறிவதற்குள் நேரம் தீர்ந்துபோன ஒருவருக்கு நடந்தது வெறும் தோல்வியா? முன்னேற்பாட்டை எழுதத் தெரியாத மொழிக்கு முன்னேற்பாடு மறுக்கப்பட்டதையும் எழுதத் தெரியாது. வசதி இல்லாதவன் திறமை இல்லாதவனாகவே அதில் பதிவாவான். இது பந்தயத்தோடு நிற்கிற சங்கதி இல்லை.

2025 ஜனவரியில் துபாய் 24 மணிநேரப் பந்தயத்துக்கு நடிகர் அஜித்குமார் போனபோது தமிழகம் முழுவதும் பார்த்தது. பயிற்சியில் அவருடைய கார் தடுப்பில் மோதிச் சுழன்றதை லக்ஷக்கணக்கானவர்கள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். அவருக்குக் காயமில்லை, அவர் அணி தன் வகுப்பில் மூன்றாவதாக வந்தது. விபத்தும் விழாவும் கிடைத்துவிட்டன. இரண்டுக்கும் நடுவிலிருந்த நாட்களில் ஓர் அணி என்ன பேசியது, ஒருவர் திரும்ப எப்படி உட்கார்ந்தார் என்பதில் யாருக்கும் அக்கறையில்லை. நக்ஷத்திரத்துக்கு நடுநாட்கள் கிடையாது.

பந்தயக் காரைப் பற்றிக் கவிதை எழுதுங்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை. எழுதினால் முதலில் வருவது மரணத்தைப் பற்றிய படிமமாகத்தான் இருக்கும். நான் கேட்பது ஒரு காரியத்தை அதைச் செய்கிறவனின் கைக்குள்ளிருந்து பார்க்கிற உரைநடை. அதற்குச் சொல் இல்லை என்று சொல்வது சோம்பல். ராஜபாளையத்தில் எந்தப் பட்டறை வாசலிலும் பத்து நிமிஷம் நின்றால் போதும். மூக்கு திரும்ப மாட்டேங்குது, வால் வீசுது, இடப்பக்கம் இழுக்குது, பிரேக் அமுக்கினா உதறுது என்று வண்டியை ஓட்டி வந்தவர்கள் சொல்ல, கேட்கிறவர் எந்த நட்டைத் தொடவேண்டும் என்று புரிந்துகொள்கிறார். டைட்டுக்கும் லூஸுக்கும் தமிழ் அங்கே ஏற்கெனவே இருக்கிறது.