செவி வழியே வரும் திகில்

ஒரு முட்டைக்கோஸ், பழம் அடுக்கி விற்கும் மெல்லிய மரக்கூடை, தண்ணீரில் நனைத்த ரப்பர் கையுறை. இந்த மூன்றையும் ஓர் ஒலிவாங்கியின் முன் வைத்து என்ன செய்ய முடியும்? 1930களில் அமெரிக்க வானொலியில் 'லைட்ஸ் அவுட்' என்னும் திகில் நாடகத் தொடரை நடத்தியவர்கள் இவற்றைக் கொண்டு தலைகளை வெட்டினார்கள், எலும்புகளை நொறுக்கினார்கள், ஒரு மனிதனைச் சட்டையைப் புரட்டுவது போல உள்ளும் புறமுமாகப் புரட்டியே போட்டார்கள்.

கண்ணால் பார்த்தால் சிரிப்பு வரும். காதால் கேட்டால் வயிற்றைப் புரட்டும். காரணம் எளியதே. முட்டைக்கோஸின் இலைகள் நீர் நிறைந்த செல்களால் ஆனவை. ஒன்றன்மேல் ஒன்றாக இறுகி அடுக்கப்பட்டவை. கத்தி இறங்கும்போது ஓர் அடுக்கு முறிகிறது. அடுத்த அடுக்கு தடுத்து நிறுத்துகிறது. பிறகு அதுவும் முறிகிறது. இப்படிச் சிறுசிறு வெடிப்போசைகள் வரிசையாக எழ, ஈரப்பொருள் பிளக்கும் மந்தமான ஓசையும் அவற்றோடு சேர்கிறது. "இதுதான் சதையும் எலும்பும்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் காது மறுத்துப் பேசுவதில்லை. மறுக்க அதனிடம் சான்று ஏது? உண்மையான கழுத்து வெட்டுப்படும் ஓசையை நம்மில் யார் கேட்டிருக்கிறோம்?

இரத்தம் தெறிக்கும் கதைகளை விரும்பும் வாசகர்கள் நம்மிடையே ஏராளம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்று இத்தகைய கதைகள் ஒலிநூல்களாகக் கைப்பேசியிலேயே கேட்கக் கிடைக்கின்றன. ஆனால் பத்துக்கு எட்டு ஒலிநூல்களில் அச்சத்தைக் காட்டிலும் இரைச்சலே அதிகம். எதைக் கேட்கலாம், எதைத் தள்ளலாம் என்று பிரிக்க நான் ஒரே ஒரு கேள்வியை அளவுகோலாக வைத்திருக்கிறேன். நம் காதில் விழும் இந்த ஓசையைக் கதைக்குள் இருப்பவர்களில் யார் கேட்கிறார்கள்? இதற்கு விடை தெரியாமல் ஓசை சேர்த்தவர்கள் கதையைக் கெடுத்திருக்கிறார்கள்.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். திடுக்கிடுதல் வேறு, அஞ்சுதல் வேறு. அமைதிக்கு நடுவே பட்டென்று ஓர் உரத்த ஓசை எழுந்தால் வினாடியின் ஒரு சிறு பகுதிக்குள் நம் இமைகள் மூடிக்கொள்கின்றன, தோள்கள் குறுகுகின்றன. இது ஓர் அனிச்சைச் செயல். பட்டாசும் இதைச் செய்யும், கதை தேவையில்லை. அலறலின் செயல் இன்னும் சற்று நுட்பமானது. இரண்டு இசைக்கவைகளைச் சிறு அதிர்வெண் வேறுபாட்டுடன் ஒலிக்கச் செய்தால் ஒலி ஏறி இறங்கி விம்மல்கள் தோன்றும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். வினாடிக்கு நான்கைந்து விம்மல்கள் என்றால் எண்ணிவிடலாம். ஒலியின் ஏற்ற இறக்கம் வினாடிக்கு 30 முதல் 150 முறை வரை ஆகும்போது எண்ண முடியாது. ஒரு கரகரப்பாகவே கேட்கும். மனித அலறல் இந்தக் கரகரப்புப் பகுதியைத்தான் பயன்படுத்துகிறது என்றும், அது மூளையில் அச்சத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதியைத் தூண்டுகிறது என்றும் ஆர்னலும் அவருடைய குழுவினரும் 2015இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். சாதாரணப் பேச்சு இந்தப் பகுதியை அனேகமாகத் தொடுவதில்லை.

ஆகவே அலறல் பலிக்கும் என்பது உண்மையே. ஆனால் பத்து நிமிடத்துக்கு ஓர் அலறல் என்று கணக்கு வைத்துச் சேர்த்தால், நான்காவது அலறலுக்குக் காது பழகிவிடுகிறது. அதன் பிறகு மிஞ்சுவது தலைவலிதான்.

இனி கதைகளுக்கு வருவோம். எட்கார் ஆலன் போ 1843இல் வெளியிட்ட 'தி டெல்-டேல் ஹார்ட்' சிறுகதையை முதலில் வைக்கிறேன். ஒருவன் ஒரு கிழவரைக் கொன்று, உடலைத் துண்டாக்கி, தரைப் பலகைகளுக்கு அடியில் மறைக்கிறான். போலீஸார் வருகிறார்கள். அவர்களை அதே அறையில் உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருக்கும்போது, செத்தவரின் இதயம் துடிப்பது அவன் காதில் விழுகிறது. துடிப்பு வரவரப் பெரிதாகிறது.

இது இயற்பியலுக்கு ஒத்துவருமா? இதய ஒலியின் பெரும்பகுதி மிகத் தாழ்ந்த அதிர்வெண்களில் உள்ளது. அங்கே நம் காது ஏறக்குறையச் செவிடு. 50 ஹெர்ட்ஸ் ஒலி காதில் விழ வேண்டுமானால் அது 1000 ஹெர்ட்ஸ் ஒலியைவிட 40 டெசிபலுக்கு மேல், அதாவது செறிவில் பத்தாயிரம் மடங்குக்கு மேல் இருக்க வேண்டும். அதனால்தான் மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை மார்பில் வைத்து அழுத்துகிறார். உயிருள்ளவரின் இதயமே பலகைக்கு அடியிலிருந்து கேட்காது என்றால், செத்தவருடையது எப்படிக் கேட்கும்? ஆனால் தன் துடிப்பு தனக்குக் கேட்கும். கழுத்துத் தமனி உட்செவிக்கு அருகில்தான் செல்கிறது. ஓடி வந்து தலையணையில் காதை வைத்துப் படுத்தவர்களுக்கு இது தெரியும். கொலைகாரன் கேட்டது தன் இதயத்தைத்தானா? பித்தம் தலைக்கேறியதாலா? அல்லது உண்மையிலேயே கிழவர்தானா? போ இதற்கு விடை சொல்லவே இல்லை. கதையின் உயிரே அங்குதான் இருக்கிறது.

இந்தக் கதைக்குப் பல ஒலிப்பதிவுகள் உண்டு. அவற்றில் கணிசமானவற்றில், கடைசிப் பகுதி வந்ததும் பின்னணியில் 'தப் தப்' என்று ஒரு முரசு ஒலிக்கத் தொடங்குகிறது. அந்தக் கணமே கதை செத்துவிடுகிறது! ஏனெனில் நாமும் கேட்டுவிட்டோம். துடிப்பு உண்மையா, பிரமையா என்ற கேள்விக்கு நாடகக்காரர் தாமே விடை எழுதிவிட்டார். அறையில் உள்ள போலீஸாருக்குக் கேட்காத ஓசை நமக்கு மட்டும் ஏன் கேட்க வேண்டும்? முரசு இல்லாத, ஒருவர் மட்டும் வாசிக்கும் பதிவைத் தேடிக் கேளுங்கள். லிப்ரிவாக்ஸ் என்ற அமைப்பு 2005 முதல், பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு வாசிக்கச் செய்து இலவசமாக வழங்குகிறது. அதில் இந்தக் கதைக்கே வெவ்வேறு குரல்கள் உண்டு. சிலருடைய வாசிப்பு மிகச் சுமார். ஆனால் தன்னைப் பைத்தியம் இல்லை என்று நிதானமாக நிரூபிக்க முயலும் ஒருவனை, குரலை உயர்த்தாமலே கொண்டுவரும் வாசிப்பு கிடைத்தால் அதற்கு எந்தப் பின்னணியும் வேண்டாம்.

எச்.ஜி. வெல்ஸின் 'டாக்டர் மோரோவின் தீவு' (1896) இதே வகையில் இன்னும் கொடியது. உயிருள்ள விலங்குகளை அறுத்து மனித உருவாக்க முயலும் ஒரு விஞ்ஞானியின் கதை. விலங்குகளை உயிரோடு அறுக்கும் சோதனைகளுக்கு எதிராக இங்கிலாந்தில் பெரும் கிளர்ச்சி எழுந்து, 1876இல் சட்டமே வந்திருந்த காலம் அது. பூட்டிய கதவுக்கு அப்பால் ஒரு பூமா அறுக்கப்படுகிறது. கதை சொல்லும் பிரெண்டிக் அதைக் காண்பதில்லை, கேட்கிறான். தாங்க முடியாமல் வீட்டைவிட்டு வெளியே ஓடுகிறான். பின்னர் ஒரு நாள் அந்தக் கதறலில் மனிதக் குரல் கலந்திருப்பதாக அவனுக்குத் தோன்றுகிறது. இரத்தம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் நீட்டும் நூல் இதுதான். கத்தி கண்ணில் படாத இந்தப் பக்கங்கள், கத்தியைக் காட்டும் பல நூறு பக்கங்களைவிட வலிக்கும்.

பின்னணி ஓசையே கூடாது என்கிறேனா? இல்லை. 'லைட்ஸ் அவுட்' அதற்குச் சாட்சி. வில்லிஸ் கூப்பர் 1934இல் சிகாகோவில் தொடங்கிய இந்தத் தொடரை 1936இல் ஆர்ச் ஒபோலர் ஏற்றுக்கொண்டார். அவர் 1937இல் எழுதிய 'சிக்கன் ஹார்ட்' நாடகத்தில், ஆய்வுக்கூடத்தில் உயிரோடு வைத்திருந்த கோழி இதயம் ஒன்று வளரத் தொடங்கி நிற்காமல் வளர்கிறது. கட்டடத்தை விழுங்குகிறது, நகரத்தை விழுங்குகிறது. இங்கேயும் இதயத் துடிப்பு ஒலிக்கிறது. ஆனால் இதை நகரமே கேட்கிறது! எனவே நாமும் கேட்பதுதான் முறை.

இந்தக் கற்பனைக்கு விதை போட்டது ஓர் உண்மைச் சோதனை. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் அலெக்சிஸ் காரல் 1912இல் கோழிக்கருவின் இதயத் திசுவைக் கண்ணாடிக் குடுவையில் வளர்க்கத் தொடங்கினார். 1944இல் அவர் இறந்த பின்னும் அந்த வளர்ப்பு தொடர்ந்தது, 1946இல்தான் கைவிடப்பட்டது. செல்கள் சாவற்றவை என்று உலகம் நம்பியது. 1961இல் ஹேஃப்லிக்கும் மூர்ஹெட்டும் இயல்பான மனிதச் செல்கள் சுமார் 50 முறை பிரிந்தபின் நின்றுவிடுகின்றன என்று காட்டிய பிறகே அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. உணவாக ஊற்றிய கோழிக்கருச் சாற்றுடன் புதிய செல்களும் குடுவைக்குள் சென்றிருக்கலாம் என்பது பின்னர் சொல்லப்பட்ட விளக்கம்.

கணக்குப் பிரியர்கள் ஒன்று செய்து பாருங்கள். பத்து கிராம் இதயம் மணிக்கு ஒரு முறை இரட்டிப்பதாகக் கொண்டால், அது பூமியின் நிறையை எட்ட 89 மணி நேரம் போதும். நான்கு நாள்கூட ஆகாது. ஆனால் அந்த நிறை எங்கிருந்து வரும்? கனஅளவு பெருகும் வேகத்தில் மேற்பரப்பு பெருகாதபோது நடுவில் உள்ள செல்களுக்கு ஆக்சிஜன் எப்படிப் போகும்? நாடகம் இதைப் பற்றியெல்லாம் கவலைப்படவில்லை. கேட்கும்போது நானும் கவலைப்படவில்லை. 1937 ஒலிபரப்பின் மூலப்பதிவு கிடைப்பதில்லை. 1962இல் ஒபோலர் வெளியிட்ட 'டிராப் டெட்!' என்ற இசைத்தட்டில் அதன் சுருங்கிய வடிவம் இருக்கிறது. மனிதனைப் புரட்டிப்போடும் 'தி டார்க்' நாடகமும் அதே தட்டில் உண்டு. கையுறையின் வேலையை அங்கே கேட்கலாம்.

ஸ்டீஃபன் கிங்கின் 'தி மிஸ்ட்' கதையை இசட்பிஎஸ் நிறுவனம் 1984இல் ஒலி நாடகமாக்கியது. இது தனி ரகம். இரு காதுகளிலும் ஒலிவாங்கிகள் பொருத்திய செயற்கைத் தலை ஒன்றைக் கொண்டு பதிவு செய்தார்கள். இடப்பக்கம் எழும் ஓசை வலக்காதுக்குச் சுமார் 0.6 மில்லிவினாடி தாமதமாகவும் சற்று மெலிந்தும் சேர்கிறது. காதுமடலின் மடிப்புகள் ஓசையின் திசைக்கேற்ப அதன் அதிர்வெண் கலவையை மாற்றுகின்றன. இந்த வேறுபாடுகள் அப்படியே பதிவாவதால், கேட்பவருக்கு ஓசை தலைக்குள் அன்றி வெளியே, ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்து வருவதாகத் தோன்றும். ஹெட்போன் இல்லாமல் கேட்டால் பயனில்லை. ஒலிபெருக்கியில் ஒரு காதுக்குரிய ஒலி மறு காதுக்கும் போய்விடும். ஓர் ஊரை மூடுபனி மூடுகிறது, பனிக்குள் ஏதேதோ உலாவுகின்றன, மக்கள் ஒரு பெரிய கடைக்குள் அடைபட்டிருக்கிறார்கள். கண் பயன்படாத கதைக்கு இந்த உத்தி மிகவும் பொருந்துகிறது. சில இடங்களில் 'பார், பின்னால் ஒலிக்கிறது பார்' என்று வித்தை காட்டுகிறார்கள் என்பது என் குறை.

பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897) பதினைந்து மணி நேரத்துக்கும் மேல் ஓடும். நாட்குறிப்புகளும் கடிதங்களுமாக அமைந்த நாவல் இது. அதில் டாக்டர் சீவார்டு தம் நாட்குறிப்பைப் போனோகிராஃப் உருளைகளில் பேசிப் பதிவு செய்கிறார்! அதனால் ஆலன் கம்மிங், டிம் கர்ரி முதலியோர் தனித்தனிக் குரல்களில் வாசித்த 2012ஆம் ஆண்டுப் பதிப்பு நாவலின் இயல்புக்கே ஒத்துப்போகிறது. நடுப்பகுதி இழுக்கும். கல்லறைக் காட்சிவரை பொறுத்துக் கேளுங்கள்.

இவை எல்லாம் ஆங்கிலத்தில் இருப்பவை என்று தமிழ்வழி மாணவர்கள் ஒதுங்க வேண்டியதில்லை. போ, வெல்ஸ், ஸ்டோக்கர் ஆகியோரின் மூலநூல்கள் குட்டன்பர்க் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பக்கத்தைக் கண்முன் வைத்துக்கொண்டு காதால் தொடருங்கள். எழுத்தில் தடுக்கும் சொல் குரலில் தடுக்காது. அடுத்து என்ன ஆகும் என்ற பதைப்பு உங்களை இழுத்துக்கொண்டு போகும். ஒலியளவில் மட்டும் கவனம் தேவை. வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரை பாதுகாப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 89 டெசிபலில் 5 மணி நேரம்தான். பேருந்து இரைச்சலில் முணுமுணுப்பைப் பிடிக்க ஒலியைக் கூட்டிவைத்திருப்பீர்கள். அப்போதுதான் அலறல் வரும்.

நேரமில்லாதவர்கள் டபிள்யூ.டபிள்யூ. ஜேக்கப்ஸின் 'தி மங்கீஸ் பா' (1902) கதையிலிருந்து தொடங்கலாம். அரை மணி நேரம் போதும். இயந்திரத்தில் சிக்கிச் சிதைந்து இறந்த மகன் திரும்பி வர வேண்டும் என்று தாய் வற்புறுத்த, தந்தை ஒரு குரங்குக் கையிடம் வரம் கேட்கிறார். நள்ளிரவில் கதவு தட்டப்படுகிறது. எலி என்று சொல்லி அவளை ஏமாற்றப் பார்க்கிறார் கணவர். இந்த ஓசை இருவருக்குமே கேட்கிறது. ஆகவே பதிவில் இருக்கலாம். ஆனால் முதல் தட்டு, கேட்டதா இல்லையா என்று ஐயப்படும் அளவுக்குத்தான் இருக்க வேண்டும். ஜேக்கப்ஸ் அப்படித்தான் எழுதியிருக்கிறார். கதவு இடிபடும் ஓசையோடு தொடங்கும் பதிவு உங்களுக்குக் கிடைத்தால் அதை நிறுத்திவிட்டு வேறொன்றைத் தேடுங்கள்.