மூலம் கேட்கும் பிடிவாதம்

சோறு வடித்துக் கொடுத்த பிறகும் நெல்லைக் காட்டு என்று கேட்பவரைப் பற்றி, வாசகர்களே, நீங்கள் என்ன நினைப்பீர்கள்? 1993-இல் தொடங்கிய டெபியன் என்னும் திறந்த மூல இயங்குதளம் அப்படித்தான் கேட்கிறது. வீண் பிடிவாதம் என்போர் உண்டு. லிப்சாஸ் என்னும் நூலகத்தின் கதையைக் கேட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

இணையப் பக்கத்தின் நிறத்தையும் எழுத்தளவையும் தீர்மானிப்பது சிஎஸ்எஸ் என்னும் பாணித்தாள். அன்றைய சிஎஸ்எஸ்ஸில் ஒரே நீலத்தை நாற்பது இடங்களில் எழுதியிருந்தால், நாற்பது இடங்களிலும் திருத்தியாக வேண்டும். நீலத்துக்கு ஒரு பெயர் சூட்டி ஒரே இடத்தில் வைக்க வழி செய்தது 2006-இல் பிறந்த சாஸ் மொழி. சாஸில் எழுதியதைச் சிஎஸ்எஸ் ஆக்கித் தருவது தொகுப்பி. முதல் தொகுப்பி ரூபி மொழியில் அமைந்தது. பின்னர் சி பிளஸ் பிளஸ் மொழியில் லிப்சாஸ் வந்தது. பிற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் நூலகம் அது.

டெபியனில் மென்பொருளைச் சேர்க்க அதைப் பொதியாகக் கட்ட வேண்டும். ஆக்கி முடித்த சிஎஸ்எஸ்ஸை மட்டும் பொதியில் வைத்தால் போதாது. மனிதர் திருத்தும் மூலம் வேண்டும். தளத்திலுள்ள கருவிகளாலேயே, இணையத் தொடர்பின்றி, அதிலிருந்து மீண்டும் ஆக்க முடிய வேண்டும். ஆகவே தொகுப்பியும் உள்ளே வந்தாக வேண்டும்.

பைத்தானுக்கான லிப்சாஸ் இணைப்பு, நூலகத்தின் நகலொன்றைத் தன் வயிற்றிலேயே சுமந்து வருகிறது. டெபியன் பொதியாளர்கள் அதை ஒதுக்கி, தளத்திலுள்ள ஒரே லிப்சாஸைப் பயன்படுத்தச் செய்தார்கள். லிப்சாஸில் நினைவகப் பிழைகள் பல கண்டறியப்பட்டன. நகல் பத்தானால் ஓட்டையும் பத்து அல்லவா? இந்த அளவில் பிடிவாதம் சரியே என்பது என் கருத்து.

ஆனால் 2020 அக்டோபரில் சாஸ் குழுவினரே லிப்சாஸை இனிப் பயன்படுத்த வேண்டாம் என அறிவித்தனர். புதிய வசதிகள் டார்ட் மொழியில் எழுதிய தொகுப்பிக்கே வந்தன. 2019-இல் அதில் சேர்ந்த ‘யூஸ்’ கட்டளை லிப்சாஸுக்கு விளங்காது. 2023-இல் வெளியான டெபியன் 12-இலோ லிப்சாஸ்தான் இருந்தது, டார்ட் இல்லை.

காரணம் என்ன? டார்ட்டைக் கட்டுவதற்கு முன்பே கட்டிய டார்ட் ஒன்று வேண்டும்! கோழியா, முட்டையா என்ற கதைதான். ஜாவாஸ்கிரிப்டாக மாற்றிய வடிவம் கிடைக்கிறதே என்பீர்கள். அதுவும் வடித்த சோறுதான்.

இங்கேதான் டெபியனிடம் எனக்குக் குறை. ரஸ்ட் மொழித் தொகுப்பிக்கும் இதே சிக்கல் இருந்தது. முதல் முறை மட்டும் வெளியிலிருந்து ஆயத்தத் தொகுப்பியை வாங்கிக்கொண்டு, பிறகு தன்னைத் தானே கட்டிக்கொள்ளச் செய்தார்கள். எனவே விதியின் மேல் பழி போட முடியாது. டார்ட்டுக்கும் அந்த உழைப்பைத் தர ஆட்கள் வேண்டும். அதுவரை ‘யூஸ்’ கட்டளையுடன் வரும் பாணித்தாளைப் பொதியாளர் பழைய நடைக்குக் கையால் மாற்றியாக வேண்டும்; மூல ஆசிரியர் அடுத்த பதிப்பை வெளியிட்டதும், மறுபடியும் முதலிலிருந்து.